கண்காணிப்பும் கண்ணோட்டமும்

மனிதர் இருவர் கூடி ஒரு தொழிலைச் செய்யத் தொடங்கிய அன்றே தலைமை என்னும் சிக்கலும் தோன்றிவிட்டது எனலாம். ஒருவர் ஏவ, மற்றவர் செய்ய வேண்டியதாயிற்று. ஏவும் உரிமை ஒருவர்க்கு எங்கிருந்து வருகிறது? அதற்கு மற்றவர் எந்த எல்லைவரை உடன்படுதல் வேண்டும்? அரசாட்சியைப் பற்றி இவ்வினாக்களை எழுப்பிய அறிஞர் எந்நாட்டிலும் உண்டு. ஆயினும், மனிதன் விழித்திருக்கும் பொழுதின் பெரும்பகுதி அரசவையில் கழிவதில்லை, தொழிலிடத்தில்தான் கழிகிறது. அவன் நாளெல்லாம் கேட்கும் குரல் மன்னனுடையது அன்று, மேலாளருடையது. ஆதலின், தொழிலிடத்துத் தலைமையும் அறநூலார் ஆராய்வதற்குரிய பொருளே ஆகும்.

தொழில் நிறுவனங்களில் தலைமை மாறிவிட்டது என்று இன்று எங்கும் பேசக் கேட்கிறோம். முன்னாளில் முதலாளி எனப்பட்டவர் இப்பொழுது குழுத் தலைவர் எனப்படுகிறார். வேலையாள் 'சக பணியாளர்' ஆகிவிட்டார். சில நிறுவனங்களில் 'கூட்டாளி' என்றே அழைக்கப்படுகிறார். மேலாளரின் அறைக்கதவு திறந்தே இருக்கிறது. சில அலுவலகங்களில் அறையே இல்லை. அதட்டல் குறைந்திருக்கிறது; புன்னகை கூடியிருக்கிறது. இவையெல்லாம் வரவேற்கத் தக்கவையே. எனினும், மாறியது தலைமையின் உடையா, உள்ளமா என்று கேட்பது நம் கடமையாகும். இவ்வினாவுக்கு விடை காண நமக்கு ஓர் அளவுகோல் தேவை.

அந்த அளவுகோலைத் தமிழ் மொழியே நமக்குத் தருகிறது. கண்ணை அடியாகக் கொண்டு பிறந்த இரு சொற்கள் நம்மிடம் உண்டு. ஒன்று கண்காணிப்பு, மற்றொன்று கண்ணோட்டம். இரண்டும் பார்வையைக் குறிப்பனவே. ஆனால், முன்னது பிறன் தவறுகிறானா என்று பார்க்கும் பார்வை. பின்னது பிறன் துன்புறுகிறானா என்று பார்க்கும் பார்வை. கண்ணோட்டம் என்னும் சொல்லை இன்று நாம் 'கருத்து நிலை' என்ற பொருளில் வழங்குகிறோம். அதன் பழம்பொருள், கண்ட அளவிலே நெஞ்சு இளகுதல் என்பதாகும். திருவள்ளுவர் செங்கோன்மையையும் கொடுங்கோன்மையையும் அடுத்தடுத்து வைத்து, அவற்றின்பின் வெருவந்த செய்யாமை கூறி, அதற்கும் அடுத்த அதிகாரமாகக் கண்ணோட்டத்தை வைத்தார். ஆள்பவனுக்கு நீதி வேண்டும், அச்சுறுத்தாமை வேண்டும், அவற்றோடு இரக்கமும் வேண்டும் என்பது இவ்வைப்பு முறையால் விளங்கும்.

கங்காணியின் கண்

நம் நாட்டுத் தமிழர்க்குத் தொழிலிடத் தலைமை என்றதும் முதலில் நினைவுக்கு வருவது இரப்பர்த் தோட்டமே. கண்காணி என்னும் சொல்லே பேச்சு வழக்கில் கங்காணி என மருவிற்று. ஒப்பந்தக் கூலிமுறையின்கீழ் மலாயாவுக்கு ஆள் திரட்டுவது 1910-இல் நின்றபின் கங்காணி முறையே ஓங்கி நின்றது. இந்திய அரசு 1938-இல் தொழிலாளர் குடிபெயர்வுக்குத் தடை விதிக்கும்வரை, ஊரிலிருந்து ஆள் திரட்டி வருபவராகவும், வந்தவரை மேய்ப்பவராகவும் கங்காணி விளங்கினார். வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு தலைக்கும் இவ்வளவு காசு என அவருக்கு வருமானமும் இருந்தது. அந்த வருமான முறை ஒரு மனிதரின் பார்வையை என்ன செய்யும் என்பதைச் சிந்திக்க வேண்டும். நோயுற்று லயத்தில் படுத்திருப்பவன் அவர் கண்ணுக்கு நோயாளியாகத் தோன்றுவதினும் குறைந்துபோன ஒரு தலைக்காசாகத் தோன்றுவதே எளிது. கங்காணிகளில் நல்லவரும் இருந்தனர். ஊராரையும் உறவினரையும் காத்தவரும் இருந்தனர். ஆனால், அந்த அமைப்பு அவரிடம் கேட்டது கண்காணிப்பை மட்டுமே.

கங்காணிக்கு மேல் கிராணி. கிராணிக்கு மேல் துரை. விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும்போது, 'வந்தேன்' என்பதற்குமேல் தொழிலாளி பேச வேண்டிய தேவை இருக்கவில்லை. 'ஏன்?' என்னும் சொல்லுக்கு அங்கு இடம் இருக்கவில்லை. துரைமாருள் இரக்கம் உடையவர் இல்லாமலில்லை. தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குப் பொருள் கொடுத்தார்கள். மாலை மரியாதையை ஏற்றுக்கொண்டார்கள். ஆயினும், கொடுப்பதும் மறுப்பதும் அவர்களின் விருப்பமாகவே இருந்தது. அதற்குத் தயவு என்று பெயர். தயவைப் பெறுபவன் நன்றி சொல்லலாம். கணக்குக் கேட்க முடியாது.

இந்த நிலையில்தான் 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டது. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் அதனை முன்னின்று நடத்தினார். தொழிலாளர் கூலி உயர்வு கேட்டனர். அதனுடன் இன்னொரு கோரிக்கையும் வைத்தனர்: துரையோ தோட்ட அதிகாரிகளோ எதிரில் வரும்போது மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதே அது. கூலி உயர்வை வயிறு கேட்டது என்றால், இதனை மானம் கேட்டது. மிதிவண்டியில் அமர்ந்தபடியே ஒருவரைக் கடந்து செல்வதால் இரப்பர்ப்பால் ஒரு துளியும் குறையப் போவதில்லை. இருந்தும் ஆட்சியாளர் நாதனைக் கைதுசெய்து நாடு கடத்தினர், படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. கூலியைக் கூட்டித் தரவும் ஒரு தலைமை இசையலாம். தாழ்ந்து நிற்க மறுப்பவனைப் பொறுத்துக்கொள்ள அதற்கு இயலாமற் போகலாம் என்பதை வரலாறு நமக்கு உணர்த்துகிறது.

போருக்குப்பின் நிலைமை மெல்ல மாறியது. 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. பி. பி. நாராயணன் அதன் பொதுச் செயலாளராய் விளங்கினார். பெரட்டுக் களத்தில் தனியொருவன் கேட்க அஞ்சிய 'ஏன்?' என்னும் வினாவைப் பேச்சுவார்த்தை மேசையில் கேட்கச் சங்கம் வழிசெய்தது. அடுத்து வந்த தோட்டத் துண்டாடல் காலத்தில், வேலையும் வீடும் ஒருங்கே இழந்து தொழிலாளர் தெருவுக்கு வந்தபோது, துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகச் சென்று, பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து நூறு வெள்ளிப் பங்கு வாங்குமாறு பால்மரத் தொழிலாளரை வேண்டினார். அவர்களின் காசில் தோட்டங்கள் வாங்கப்பட்டன.

இதனைப் பொருளாதார முயற்சியாக மட்டும் காண்பது போதாது. மேலாளர் யாருக்கு விடை சொல்ல வேண்டும் என்னும் வினாவுக்கு இது புதியதொரு விடை தந்தது. அதுவரை மேலாளர் கடல் கடந்த பங்குதாரருக்கு விடை சொன்னார். இங்கோ மரம் வெட்டுபவரே பங்குதாரர். பங்குப் பத்திரம் ஒன்றே தலைமையின் குணத்தை மாற்றிவிடாது என்பதும் உண்மையே. உரிமையாளராகிய தொழிலாளியைக் காலையில் பெயர் கூப்பிடும் குரல் பழைய குரலாகவே இருப்பின், மாற்றம் ஏட்டளவில் நின்றுவிடும். உடைமை மாறலாம், அதனோடு உறவும் மாறினால்தான் தலைமை மாறியது எனலாம்.

கடிகாரமும் கனிவும்

தோட்டத்தைப் போன்றே தொழிற்சாலைக்கும் ஒரு வரலாறு உண்டு. அமெரிக்கப் பொறியாளர் பிரெடரிக் டெய்லர் 1911-இல் அறிவியல் முறை நிருவாகம் பற்றிய தம் நூலை வெளியிட்டார். தொழிலாளியின் ஒவ்வோர் அசைவையும் கடிகாரத்தால் அளந்து, வீண் அசைவை நீக்கினால் இருவர்க்கும் நன்மை என்பது அவர் கொள்கை. இரும்புக்கட்டி சுமக்கும் ஒருவர் நாளொன்றுக்குப் பன்னிரண்டரை டன் சுமந்து வந்த நிலை மாறி 47 டன் சுமந்தார் என்றும், அவர் கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலராக உயர்ந்தது என்றும் அந்நூலில் எழுதுகிறார். சுமை ஏறத்தாழ நான்கு மடங்கானது. கூலியோ ஒன்றரை மடங்கைச் சற்றே தாண்டியது. இந்தக் கணக்கில் உள்ள அறத்தை மாணவரே எடைபோட்டுக் கொள்ளலாம். சிந்திப்பது நிருவாகத்தின் வேலை, செய்வது தொழிலாளியின் வேலை என்று இரண்டாகப் பிரித்ததே டெய்லர் முறையின் அடிப்படை. கங்காணியின் கண்ணுக்குக் கடிகாரம் துணையாயிற்று என்றும் சொல்லலாம்.

பின்னர், சிக்காகோ நகரையடுத்த ஹாதோர்ன் தொழிற்சாலையில் 1924 முதல் 1932 வரை சில ஆய்வுகள் நடந்தன. விளக்கொளியைக் கூட்டியபோது உற்பத்தி பெருகிற்று, குறைத்தபோதும் பெருகிற்று. தம்மை ஒருவர் பொருட்படுத்திக் கவனிக்கிறார் என்னும் உணர்வே தொழிலாளரை ஊக்கியது என்று எல்டன் மேயோ முதலிய அறிஞர் கருதினர். பிற்கால ஆய்வாளர் அம்முடிவுகளை ஐயுற்றதும் உண்டு. எவ்வாறாயினும், நிருவாகத் துறையில் ஒரு புதிய பாடம் நுழைந்தது: மனிதனை மனிதனாக நடத்தினால் உற்பத்தி பெருகும்.

இங்குதான் நம் வினாவின் முள் இருக்கிறது. உற்பத்தி பெருகும் என்பதற்காகக் காட்டும் பரிவு, பரிவாகுமா? பால் மிகுதியாகக் கறக்கும் என்பதற்காகப் பசுவைத் தடவிக் கொடுப்பவனை இரக்கமுள்ளவன் என்போமா? செர்மானிய அறிஞர் இம்மானுவேல் காண்ட் 1785-இல் வெளியிட்ட நூலில், மனிதனை ஒருபோதும் வெறும் கருவியாக மட்டும் கொள்ளலாகாது என்று வலியுறுத்தினார். 'மட்டும்' என்னும் சொல் ஈண்டுக் கருதத் தக்கது. தொழிலில் ஒருவர் மற்றவருக்குக் கருவியாக அமைவது இயல்பே. தையற்காரர் நமக்குச் சட்டை தைக்கிறார், நாம் அவருக்கு வருவாய் தருகிறோம். அவ்வளவோடு அவர் முடிந்துவிடுகிறார் என்று கருதுவதே பிழையாகும்.

பயன் கருதிய பரிவை மெய்ப்பரிவிலிருந்து பிரித்தறிய வழி உண்டா? உண்டு. நட்டம் வரும் காலமே அதற்கு உரைகல். வருவாய் பெருகும்போது எல்லாத் தலைவரும் இனியவரே. விலை வீழ்ந்து ஆட்குறைப்பு வரும் நாளில், யாரை நீக்குவது, எப்போது சொல்வது, எவ்வாறு சொல்வது, தம் ஊதியத்தில் எவ்வளவைக் குறைத்துக் கொள்வது என்று தலைவர் முடிவெடுக்கும்போதுதான் அவர் பரிவின் உண்மை வெளிப்படும். குடும்பம் குடும்பம் என்று நாளும் கூறிய நிறுவனம் ஒரு வரிக் கடிதத்தில் ஒருவரை அனுப்பிவிடுமாயின், அந்தக் குடும்பம் எத்தகையது என்பது புலனாகும்.

கயிற்றை இழுக்கும் உரிமை

1982-இல் மலேசியா கிழக்கை நோக்கும் கொள்கையை மேற்கொண்டது. சிங்கப்பூரில் 1981-இல் தொடங்கிய உற்பத்தித் திறன் இயக்கம் அடுத்த ஆண்டு ஒரு தேனீயைத் தன் சின்னமாக்கிற்று. இரு நாடுகளும் சப்பானியத் தொழில்முறையை வியந்து நோக்கிய காலம் அது. தரக்கட்டுப்பாட்டுக் குழுக்கள் அமைந்தன. தொழிலாளர் கூடி அமர்ந்து ஆலோசனை கூறினர். டெய்லர் பிரித்து வைத்த சிந்தனையையும் செயலையும் மீண்டும் ஒன்றுசேர்க்கும் முயற்சி இது.

அம்முறையில் மிகச் சிறந்த கூறு என நான் கருதுவது டொயோட்டா தொழிற்சாலையின் ஒரு கயிறு. வண்டிகள் பூட்டப்படும் வரிசையில் நிற்கும் எந்தத் தொழிலாளியும் குறை ஒன்றைக் கண்டால் அக்கயிற்றை இழுக்கலாம். மேற்பார்வையாளர் உடனே அங்கு வருவார். குறை தீராவிடின் வரிசையே நின்றுவிடும். கடைநிலையில் நிற்கும் ஒருவர்க்கு, தொழிற்சாலை முழுவதையும் நிறுத்தும் உரிமை! இதனைத் தோட்டத்துப் பெரட்டுக் களத்தோடு ஒப்பிட்டால் மாற்றத்தின் அளவு விளங்கும்.

எனினும், இந்த உரிமைக்கும் எல்லை உண்டு. வண்டியின் குறைக்காகக் கயிற்றை இழுக்கலாம். வேலையின் கடுமைக்காக இழுக்கலாமா? 'எப்படிச் செய்யலாம்?' என்று தொழிலாளியைக் கேட்கும் தலைமை வந்துவிட்டது. 'ஏன் செய்ய வேண்டும்? பயன் யாருக்கு?' என்று அவர் கேட்டால் விடை சொல்லும் தலைமை வந்துவிட்டதா? தேனீ உழைப்பின் சின்னம். அது வினா எழுப்புவதில்லை. மனிதனோ உழைப்பான், வினாவும் எழுப்புவான்.

முகமில்லாத கங்காணி

2020-இல் நோய்த்தொற்றுக் காரணமாக மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாடும், சிங்கப்பூரில் அதனை ஒத்த ஏற்பாடும் வந்தபோது, அலுவலகப் பணியாளர் பலர் வீட்டிலிருந்தே வேலை பார்த்தனர். கண்ணெதிரே இல்லாதவரை வேலை வாங்குவது எவ்வாறு என்ற சிக்கல் தலைவர்க்கு எழுந்தது. சிலர் நம்பிக்கையைக் கைக்கொண்டனர்: முடிந்த வேலையைப் பார்த்தனர், நாற்காலியில் அமர்ந்த நேரத்தைப் பார்க்கவில்லை. வேறு சிலர், கணினியில் விசை தட்டப்படுகிறதா என்று எண்ணும் மென்பொருளைக் கைக்கொண்டனர். ஒரே சூழ்நிலையில் இருவகைப் பார்வையும் வெளிப்பட்டன.

இன்று நம் நகரங்களில் மோட்டார் சைக்கிளில் உணவு கொண்டு செல்லும் இளைஞரைப் பாருங்கள். அவர்க்குக் கங்காணி இல்லை, கிராணி இல்லை, துரையும் இல்லை. கைப்பேசியில் உள்ள செயலி வேலையைப் பகிர்ந்தளிக்கிறது. வாடிக்கையாளர் இடும் நட்சத்திரங்கள் அவர் தரத்தை உரைக்கின்றன. செயலி அவர் கணக்கை முடக்கிவிட்டால் வேலை போயிற்று. கங்காணி கடுமையானவராக இருந்தாலும் அவர்க்கு ஒரு முகம் இருந்தது. லயத்து வாசலில் நின்று அவரிடம் முறையிட முடிந்தது. செயலியிடம் தன் தாய் மருத்துவமனையில் இருப்பதை யார் சொல்வது? அங்கே கண்காணிப்பு முழுமையாக இருக்கிறது. கண்ணோட்டத்துக்கோ கண்ணே இல்லை. 'கூட்டாளி' என்னும் இனிய பெயரை இந்நிலையோடு சேர்த்துப் பார்த்தல் வேண்டும்.

இக்குறையைச் சட்டம் உணரத் தொடங்கிவிட்டது. சிங்கப்பூரின் தளப் பணியாளர் சட்டம் 2025 சனவரி முதல் நாள் நடப்புக்கு வந்து, அவர்களின் சேமநிதிக்கும் வேலையிட விபத்து இழப்பீட்டுக்கும் வழிசெய்தது. தங்களுக்கென அமைப்பு வைத்துப் பேசவும் உரிமை தந்தது. மலேசிய மக்களவை 2025 ஆகஸ்டில் நிறைவேற்றிய சட்டமுன்வரைவு, இத்தகையோரின் வழக்குகளைக் கேட்க ஒரு தீர்ப்பாயத்துக்கு வகைசெய்தது. முறையிட ஒரு முகத்தைச் சட்டம் தேடித் தருகிறது.

வேறொரு விதியையும் ஆசிரியர் மாணவர்க்கு எடுத்துக்காட்டலாம். 2023 சனவரி முதல் மலேசியாவில் நடப்புக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தத்தின்படி, வேலை நேரத்தையோ இடத்தையோ மாற்றித் தருமாறு பணியாளர் எழுத்து வழியாகக் கேட்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்து வழியாக விடை தருதல் வேண்டும். மறுத்தால் காரணமும் கூற வேண்டும். மேலோட்டமாகப் பார்ப்பவர்க்கு இது சிறு விதியாகத் தோன்றலாம். மறுக்கும் உரிமை முதலாளியிடமே இருக்கிறது என்பதும் உண்மை. ஆனால், காரணம் கூறாமல் மறுக்கும் உரிமை போய்விட்டது. 1941-இல் மிதிவண்டியிலிருந்து இறங்க மறுத்தவரின் பேரப்பிள்ளைகள் இன்று 'ஏன்?' என்று கேட்டால், ஓர் எழுத்து விடை வந்தாக வேண்டும்.

தடையும் விடையும்

'தலைவன் எல்லார்க்கும் விடை சொல்லிக் கொண்டிருந்தால் தொழில் நடப்பது எப்போது?' என்று சிலர் தடை எழுப்பக்கூடும். புயலில் சிக்கிய கப்பலில் மாலுமிகளைக் கூட்டி வைத்து வாக்கெடுப்பு நடத்த இயலாது என்பதை ஒப்புகிறோம். புயலின்போது கீழ்ப்படிதலே அறம். ஆனால், கரை சேர்ந்தபின், 'அவ்வழியில் ஏன் கப்பலைச் செலுத்தினீர்?' என்று கேட்கும் உரிமையும், அதற்கு விடை கூறும் கடமையும் இருக்க வேண்டும். விடை கூற வேண்டியிருக்கும் என்று அறிந்த தலைவன் புயலிலும் கருத்தோடு நடந்துகொள்வான். இடித்துரைப்பார் இல்லாத அரசன் பகைவர் இல்லாமலே கெடுவான் என்னும் கருத்தை வள்ளுவர் பெரியாரைத் துணைக்கோடல் அதிகாரத்தில் கூறுகிறார். அது நிறுவனத் தலைவர்க்கும் பொருந்தும்.

'இரக்கம் காட்டினால் ஒழுங்கு குலையும்' என்பது மற்றொரு தடை. வள்ளுவரே இதனை எண்ணிப் பார்த்திருக்கிறார். கடமை கெடாதவாறு கண்ணோட்டம் உடையவராதலையே அவர் போற்றுகிறார். சோம்பியிருப்பவரைத் தட்டிக்கேட்பது கண்ணோட்டத்துக்கு மாறானது அன்று. அவரால் உடன் உழைப்பவர் சுமக்கும் சுமையைக் காண்பதும் கண்ணோட்டமே. கண்ணோட்டம் என்பது கண்டும் காணாமல் இருத்தல் அன்று, முழுவதையும் காணுதல். கண்காணிப்பு வேலையை மட்டும் காண்கிறது. கண்ணோட்டம் வேலையையும், அதைச் செய்பவரையும், அவருக்குப் பின்னால் நிற்கும் குடும்பத்தையும் சேர்த்தே காண்கிறது.

ஆகவே, தலைமை மாறியதா என்பதை அறிய அறைக்கதவையும் அழைக்கும் பெயரையும் பார்த்தால் போதாது. தலைமையின்கீழ் இருப்பவர் அஞ்சாமல் 'ஏன்?' என்று கேட்க முடிகிறதா? தலைவர் அதற்கு விடை கூறக் கடமைப்பட்டிருக்கிறாரா? அவ்விடையில் கேட்டவரின் துன்பம் ஒரு பொருட்டாக எண்ணப்பட்டிருக்கிறதா? இவற்றுக்கு ஆம் என்று விடை வருமிடத்தில் தலைமை மாறியிருக்கிறது. வராத இடத்தில், பழைய கங்காணி புதிய சட்டை அணிந்திருக்கிறார் என்றே கொள்ளல் வேண்டும்.

இதில் நம் சமுதாயத்துக்குத் தனிப் பொறுப்பு ஒன்று உண்டு. மரம் வெட்டியவரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று கணக்காளராகவும் பொறியாளராகவும் மேலாளராகவும் பலரை வேலை வாங்கும் நிலைக்கு வந்திருக்கின்றனர். தோட்டங்களிலும் தொழிற்சாலைகளிலும் கட்டுமான இடங்களிலும் அவர்களின்கீழ் உழைப்பவருள், கடல் கடந்து வந்த வங்காள தேசத்தவரும் நேப்பாளியரும் இந்தோனேசியரும் இருக்கின்றனர். நம் முன்னோரைப் போலவே கடன்பட்டு வந்தவரும் அவருள் உண்டு. முன்பு நம் பாட்டனார் எந்தப் பார்வையை ஏங்கி எதிர்பார்த்தாரோ, அந்தப் பார்வையை இன்று இவர்கள் நம்மிடம் எதிர்பார்க்கிறார்கள். தாம் பட்ட துன்பத்தைப் பிறர்க்குத் தராதிருப்பதே பட்டறிவின் பயன்.

இப்பயிற்சி நிருவாகக் கல்லூரியில் தொடங்குவதன்று. தொடக்கப்பள்ளி வகுப்பறையில் தொடங்குவது. வகுப்புத் தலைவராக ஒரு மாணவரை அமர்த்தும்போது, பேசுபவர் பெயரைக் கரும்பலகையில் எழுதும் வேலையை மட்டும் அவரிடம் கொடுக்கிறோமா? வராத மாணவர் ஏன் வரவில்லை என்று கேட்டறியும் வேலையையும் கொடுக்கிறோமா? முன்னதை மட்டும் பழகிய பிள்ளை நல்ல கண்காணியாக வளரும். இரண்டையும் பழகிய பிள்ளையே நல்ல தலைவராக வளரும். 'ஏன்?' என்று கேட்கும் மாணவரை முகம் சுளிக்காமல் நோக்கும் ஆசிரியர், நாளைய தொழிலகத்துக்கு இன்றே ஒரு நல்ல தலைவரை அனுப்பி வைக்கிறார். அத்தகைய ஆசிரியரும் மாணவரும் நம்மிடையே பெருகுவாராக.